கறுப்பு மைக்கு அடியில்

(தேசிய நூலக வார விழாவையொட்டி ஒரு மாவட்ட மைய நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குகிறேன். எட்டு லட்சத்து ஆறாயிரம் டாலர். 1986ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்க வெளியுறவுத் துறை நான்கு நிறுவனங்களுக்குக் கொடுத்த பணம் இது. நிகரகுவா நாட்டின் எல்லையில் இருந்த கோன்ட்ரா படையினருக்கு உணவு, துணி, மருந்து கொண்டுபோய்ச் சேர்த்ததற்கான கூலி. கணக்கில் அதன் பெயர் மனிதாபிமான உதவி. அந்த நான்கு நிறுவனங்களையும் வைத்திருந்தவர்கள், அல்லது நடத்தியவர்கள், போதைப்பொருள் கடத்தல்காரர்கள். அவர்களில் சிலர் மீது அமெரிக்க அரசே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகும் பணம் போயிருக்கிறது.

நான்கில் ஒன்றின் பெயர் செட்கோ. ஹோண்டுராஸ் நாட்டு விமான நிறுவனம். அதை நிறுவியவர் மட்டா பாலெஸ்டெரோஸ். அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் அதிகாரி என்ரிகே கமரேனா 1985இல் மெக்ஸிகோவில் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கோடு பேசப்பட்ட பெயர் அது. தன் அதிகாரியைக் கொன்றவர்களை ஒரு துறை உலகமெங்கும் தேடிக்கொண்டிருந்தது. அதே அரசின் இன்னொரு துறை அந்த வட்டாரத்து ஆளின் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 86 ஆயிரம் டாலர் எழுதிக் கொடுத்தது.

இது எனக்கு எப்படித் தெரியும்? மதுரையிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவன், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்த கணக்கு வழக்கை எப்படிச் சொல்ல முடிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய உரை. கடத்தல்காரர்களின் சாகசக் கதையைச் சொல்ல நான் வரவில்லை. ஒரு காகிதம் பூட்டிய அலமாரியிலிருந்து நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் சொல்ல வந்தேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979இல் நிகரகுவாவில் சாண்டினிஸ்டாக்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களைக் கவிழ்க்க கோன்ட்ரா படைகளுக்கு ரீகன் அரசு உதவியது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் படைகளுக்கான ராணுவ உதவிக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஆலிவர் நார்த் என்ற ராணுவ அதிகாரி மறைவாக ஏற்பாடுகளை நடத்தினார். ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணம் இந்த வழியில் திரும்பியது. 1986 அக்டோபர் 5ஆம் தேதி ஆயுதம் சுமந்து சென்ற விமானம் ஒன்று நிகரகுவாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பிய அமெரிக்கர் பிடிபட்டார். அதன் பிறகுதான் எல்லாம் வெளியே வரத் தொடங்கியது.

போதைப்பொருள் பற்றிய செய்தி அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் ராபர்ட் பாரியும் பிரையன் பார்கரும் 1985 டிசம்பரிலேயே அதை எழுதினார்கள். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. செனட்டர் ஜான் கெர்ரி மட்டும் தன் துணைக்குழுவின் மூலம் விசாரித்தார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த அறிக்கை 1989 ஏப்ரலில் வெளியானது. நான் முதலில் சொன்ன தொகை அதில்தான் இருக்கிறது, நிறுவனம் நிறுவனமாகப் பிரித்து. அன்றைய பெரிய நாளிதழ்கள் அதை உள்பக்கங்களில் ஒதுக்கிவிட்டன.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் பகுதிக்கு வருகிறேன்.

1986 நவம்பரில் விசாரணை நெருங்குகிறது என்று தெரிந்ததும், நார்த்தின் அலுவலகத்தில் காகிதங்களைத் துண்டு துண்டாக வெட்டும் இயந்திரம் ஓயாமல் ஓடியது. கணினியில் இருந்த மின்னஞ்சல்களையும் அழித்தார்கள். நார்த்தும் அவருடைய மேலதிகாரி பாயின்டெக்ஸ்டரும் சேர்ந்து 5,000க்கும் மேற்பட்ட செய்திகளை அழித்திருந்தார்கள். அழித்தால் அழிந்துவிடும் என்று நம்பினார்கள். அந்தக் கணினியை நிர்வகித்த ஊழியர்கள் வழக்கம்போல் நாடாக்களில் நகல் எடுத்து வைத்திருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பராமரிப்பு ஊழியர்கள் தங்கள் அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அவ்வளவுதான். அதனால் சரித்திரத்தின் ஒரு துண்டு பிழைத்தது. இங்கே இருக்கும் நூலகர்களும் அலுவலக உதவியாளர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிழைத்த நாடாக்களுக்கு 1989இல் மறுபடியும் ஆபத்து வந்தது. ரீகனின் பதவிக்காலம் ஜனவரி 20ஆம் தேதி முடிகிறது. போகும்போது வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் நாடாக்களை அழித்துவிட ஏற்பாடு. மின்னஞ்சல் தொலைபேசித் துண்டுச்சீட்டு மாதிரி, அது அரசு ஆவணமே இல்லை என்பது அவர்கள் வாதம். ஜனவரி 19ஆம் தேதி, ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது, நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அன்று மாலையே நீதிபதி பாரிங்டன் பார்க்கர் தடை உத்தரவு போட்டார்.

அந்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985இல் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகையாளர் தொடங்கியது. வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கெல்மன் நூலகத்தில் இயங்குகிறது. பெயரைக் கேட்டால் அரசு நிறுவனம் போலத் தோன்றும். அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் செய்யும் வேலை ரொம்ப எளிமையானது: தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அரசிடம் காகிதம் கேட்பார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்வார்கள். அதற்கும் மறுத்தால் வழக்குப் போடுவார்கள். கிடைத்ததை வரிசைப்படுத்தி, அட்டவணை போட்டு, யார் வந்து கேட்டாலும் பார்க்கும்படி வைப்பார்கள். ஒரு நிருபர் ஒரு செய்திக்காக வாங்கிய ஆவணம், செய்தி எழுதிய பிறகு அவர் மேசையடியில் தூசியடைந்து போகாமல், அடுத்தவருக்கும் பயன்பட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம்.

நாடா வழக்கு மூன்று குடியரசுத் தலைவர்களின் ஆட்சிக்காலம் நீடித்தது. ரீகன் காலத்தில் தொடங்கியது, புஷ் எதிர்த்தார், அவருக்குப் பின் வந்த கிளிண்டன் நிர்வாகமும் எதிர்த்தது. கட்சி மாறியது, அரசு வழக்கறிஞர்களின் வாதத்தின் சாரம் மாறவில்லை. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மின்னஞ்சலும் அரசு ஆவணமே, அதைப் பாதுகாத்தே ஆக வேண்டும். இன்று உலகில் எந்த அரசு அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பற்றிப் பேசினாலும் அந்த ஜனவரி 19ஆம் தேதி மாலையை நினைத்துக்கொள்ளலாம்.

நார்த்தின் கையெழுத்துக் குறிப்பேடுகளும் இப்படித்தான் வந்தன. செனட் குழுவுக்கே பல இடங்களில் கறுப்பு மை பூசித்தான் கொடுத்தார்கள். பிறகு வழக்குப் போட்டுப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தபோதும் மை இருந்தது. மைக்கு வெளியே தப்பிய வரிகளே போதுமானவையாக இருந்தன. 1985 ஜூலை 12ஆம் தேதிப் பக்கத்தில், ஆயுதக் கிடங்கு ஒன்றுக்கான 14 மில்லியன் டாலர் போதைப்பொருளிலிருந்து வந்தது என்று பொருள்படும் ஒரு குறிப்பு. ஆகஸ்ட் 9ஆம் தேதிப் பக்கத்தில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து பறக்கும் ஹோண்டுராஸ் விமானம் ஒன்று அமெரிக்காவுக்குள் போதைப்பொருள் கொண்டுவரப் பயன்படுகிறது போலும் என்று இன்னொரு குறிப்பு. ஆவணங்களை அழித்தது உட்பட மூன்று குற்றங்களுக்காக 1989இல் நார்த் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை நிற்கவில்லை. ஆனால் குறிப்பேடு நின்றது.

அடுத்தது கேரி வெப். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மெர்க்குரி நியூஸ் நாளிதழின் நிருபர். 1996 ஆகஸ்டில் மூன்று நாள் தொடராக எழுதினார். கோன்ட்ராக்களுக்கு வேண்டியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கொக்கைன் விற்றதையும், லாபத்தில் ஒரு பங்கு போருக்குப் போனதையும் சொன்னார். செய்தியோடு நிற்காமல் நீதிமன்ற ஆவணங்களையும் சாட்சியங்களையும் அவருடைய பத்திரிகை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி ஏற்றியது. வாசகரே எடுத்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லட்டும் என்ற நேர்மை அது. 1996இல் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

பெரிய பத்திரிகைகள் வெப்பின் மீது பாய்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 17 நிருபர்களை அந்த வேலைக்கு இறக்கியது. தொடரில் மிகைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த 17 பேர் கெர்ரி அறிக்கை வந்தபோது எங்கே இருந்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. வெப்பின் பத்திரிகையே அவரைக் கைவிட்டது. 2004 டிசம்பரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தொடர் கிளப்பிய கோபத்தால்தான் சி.ஐ.ஏ.வின் தலைமை ஆய்வாளர் ஃபிரெடரிக் ஹிட்ஸ் விசாரணை நடத்தினார். அவருடைய அறிக்கையின் இரண்டாம் தொகுதி 1998 அக்டோபரில் வெளியானது. கிளிண்டன் மீதான பதவிநீக்க விசாரணை அமெரிக்காவையே ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. யாரும் கவனிக்கவில்லை. சி.ஐ.ஏ. என்ற அமைப்பே திட்டமிட்டுக் கொக்கைன் கொண்டுவந்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறது அறிக்கை. அதை மறைக்காமல் சொல்வது என் கடமை. போதைப்பொருள் புகார் இருக்கிறது என்று தெரிந்தும் சிலரோடு சி.ஐ.ஏ. தொடர்ந்து உறவு வைத்திருந்தது என்றும் அதே விசாரணை சொல்கிறது. இன்னொன்றும் அந்த ஆண்டில் வெளிவந்தது. 1982இல் அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃபிரெஞ்ச் ஸ்மித்தும் சி.ஐ.ஏ. இயக்குநர் வில்லியம் கேசியும் கடிதம் மூலம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சி.ஐ.ஏ.வின் நேரடி ஊழியர் அல்லாதவர்கள், அதாவது அதற்காக வேலை பார்த்த வெளியாட்கள், போதைப்பொருள் குற்றம் செய்தால் அதை நீதித்துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வைக்கப்படவில்லை. 1995 வரை, 13 ஆண்டுகள், இந்த ஏற்பாடு நீடித்தது.

அந்த 13 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸின் தெருக்களில் கிராக் கொக்கைன் என்ன செய்தது என்று அங்கிருக்கும் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும். காகிதம் வந்தது. ஆனால் பிள்ளையைச் சிறைக்கும் சுடுகாட்டுக்கும் கொடுத்த பிறகு வந்தது. என் மனத்தை உறுத்தும் இடம் இதுதான் நண்பர்களே. இன்றைய அரசுகள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தாமதப்படுத்தினால் போதும். பாதிக்கப்பட்டவர் களைத்துப் போகும் வரை, பொறுப்பானவர் ஓய்வு பெறும் வரை, மக்கள் வேறொன்றில் மூழ்கியிருக்கும் நாள் வரும் வரை.

முழுமையான தாமதம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன் பின் பிரிட்டிஷ் அரசும் அபினியை அரசுத் தனியுரிமையாக்கி, பிகாரிலும் பனாரஸிலும் விளைவித்து சீனாவுக்கு ஏற்றுமதி செய்தன. எதிர்ப்பு வலுத்ததால் 1893இல் அரச ஆணையம் ஒன்று அமைத்தார்கள். 1895இல் முடிந்த அதன் அறிக்கை, இந்தியாவில் அபினியால் பெரிய கேடு இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தொகுதிகளை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு பக்கம்கூடப் பூட்டில் இல்லை. ஏனென்றால் அந்தப் பக்கங்களைக் காட்டி நியாயம் கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக இளைஞர்களுக்கு. அரசு முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு காகிதம் உண்மையாகிவிடாது. அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவு 1991இல் கொலம்பியக் கடத்தல்காரர்கள், அவர்களோடு தொடர்புடையவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிட்டது. 2004இல் அந்தப் பட்டியலை நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் வெளியிட்டபோது, அதன் 82ஆம் எண்ணில் அப்போது கொலம்பியாவின் குடியரசுத் தலைவராக இருந்த அல்வரோ உரிபேயின் பெயர் இருந்தது. அவர் தரப்பு மறுத்தது. அமெரிக்க அரசும் அந்த ஆவணத்தைத் தாங்கிப் பேசவில்லை. இறுதியாக மதிப்பிடப்படாத தகவல் என்று ஆவணமே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஆவணத்தை வெளியிட்டவர்கள் இந்த விவரத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். உளவுக் குறிப்பு வேறு, விசாரணை அறிக்கை வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவர் கையில் ரகசிய ஆவணம் போனால் அது வாட்ஸ்அப் வதந்திக்குத்தான் தீனியாகும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1993 மும்பை குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குற்றக் கும்பல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய உள்துறைச் செயலாளர் என்.என். வோரா தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை தயாராகிவிட்டது. போதைப்பொருள் கடத்தலில் பெருத்த கும்பல்கள் இணை அரசாங்கமே நடத்துகின்றன என்ற அளவுக்கு அதில் எழுதியிருந்தது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 1995 ஆகஸ்டில், அதுவும் டெல்லியில் நடந்த ஒரு கொலை கிளப்பிய கொந்தளிப்புக்குப் பிறகு. வைத்ததோ மெலிந்த சில பக்கங்கள். பல்வேறு துறைகள் குழுவுக்குக் கொடுத்த பின்னணித் தாள்கள் வெளிவரவில்லை. அவற்றை வெளியிடக் கோரி, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தினேஷ் திரிவேதி உச்ச நீதிமன்றம் போனார். அவையில் வைத்த அறிக்கை அசல்தான் என்று நீதிமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. பின்னணித் தாள்களை வெளியிட உத்தரவிடவில்லை. அந்தத் தாள்களில் இருக்கும் பெயர்களை ஒரு வாக்காளராக நான் இன்றுவரை பார்த்ததில்லை. இது தவறு என்பது என் கருத்து. விசாரிக்கப்படாத பெயர்களை மறைப்பதில் நியாயம் உண்டு. 30 ஆண்டுகள் விசாரிக்காமலேயே மறைத்து வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 24ஆம் பிரிவையும் இரண்டாம் அட்டவணையையும் இங்கிருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு அது விலக்கு தருகிறது. அந்தப் பட்டியலில் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் அமலாக்கத் துறையும் இருக்கின்றன. 2011இல் சி.பி.ஐ.யும் சேர்ந்தது. நம் மாநிலத்தில் 2008இல் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். ஊழலைப் பிடிக்கும் துறைக்கே விலக்கு!

இங்கேதான் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் அந்தப் பிரிவை முழுக்கப் படிக்கவில்லை. அதே பிரிவில் ஒரு வரம்புரை இருக்கிறது. ஊழல் குற்றச்சாட்டுகள் பற்றிய தகவலும் மனித உரிமை மீறல் பற்றிய தகவலும் இந்த விலக்குக்குள் வராது. மனித உரிமை மீறல் என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், 45 நாள் அவகாசம். ஊழல் என்றால் அந்தத் தனி ஒப்புதலும் தேவையில்லை. கடத்தலுக்குத் துணைபோன அதிகாரி மீது புகார் வந்ததா, அதன் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்க அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. துப்புக் கொடுத்தவரின் பெயரைக் கேட்காதீர்கள், அவர் உயிர் சம்பந்தப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் புலன்விசாரணையைக் கெடுக்கும்படியும் கேட்காதீர்கள். மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 10ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். மை பூசிய பக்கமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், பறிமுதல் செய்த கஞ்சாவை அழித்ததற்கான பதிவேட்டின் நகலைக் கேட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: கோப்பு காணக்கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. பறிமுதல் செய்த பொருளின் எடை ஒரு காகிதத்திலும், அழித்த பொருளின் எடை இன்னொரு காகிதத்திலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாவிட்டால், இடையில் காணாமல் போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இந்தத் துறையில் ஊழலின் முகவரியே அந்த இரண்டு எடைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. முதல் மேல்முறையீடு செய்தேன். கோப்பு கிடைத்தது.

ஆகவே நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நம் மாவட்டத்து மக்கள் வாங்கிய பதில்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வாங்கியவர் இறந்தால் பழைய பேப்பர்காரரிடம் போகும். இந்த நூலகத்தில் அதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்குங்கள். துறை, ஆண்டு, ஊர் என்று ஒரு சாதாரண நோட்டில் பட்டியல் போடுங்கள். கெல்மன் நூலகத்தில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்.

தம்பி தங்கைகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. உங்கள் ஊர்க் காவல் எல்லையில் கடந்த ஆண்டு பறிமுதல் செய்த போதைப்பொருளின் எடை என்ன, அழித்த எடை என்ன என்று இந்த மாதமே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். வரும் பதிலின் நகல் ஒன்றை இந்த நூலகரிடம் கொடுங்கள். முதல் நகலாக என்னுடைய அந்தக் கோப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். அலமாரி வரும்வரை அது அவர் மேசையில் இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.